டமாரம் அடிக்காத அடி

மாலை மூன்றரை மணிக்குப் பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள். அன்று மதியம்தான் அந்தப் பிள்ளை என் தம்பி மனைவியின் முன்கையைக் கடித்திருந்தது. பல் பல்லாகப் பதிந்து ரத்தம் கசிந்தது. குழாயடியில் தண்ணீர் ஊற்றியது நான்தான். பிள்ளையின் அம்மா தையல்காரி. கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவாள். வந்ததும் பிள்ளையைப் பார்க்கமாட்டாள், எங்கள் கைகளைத்தான் முதலில் பார்ப்பாள். அவள் தலை தெரிந்ததும் தம்பி மனைவி சுருட்டிவிட்டிருந்த மேல்சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு எப்படிம்மா இருந்தா?" என்று கேட்டாள் தையல்காரி.

"நல்லா இருந்தா. ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டா."

தையல்காரி அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். சட்டைத் துணியில் ரத்தம் பொட்டு அளவுக்கு ஊறி வெளியே தெரிந்தது. தம்பி மனைவி அதன்மேல் மற்றக் கையை வைத்துக்கொண்டு தலையாட்டி விடைகொடுத்தாள். மறுநாள் கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பதினோரு வருஷம் முன்னால். என் தம்பியை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு தம்பியின் நிழலில்தான் என் காலம். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். பழக வந்தவர் காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினாலும், "பரவாயில்ல சார், ரிவர்ஸ் போடுங்க" என்பான். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அந்தத் தங்கம் வாசற்படி தாண்டினால் இரும்பாகிவிடும். செருப்பைக் கழற்றி எறிகிற சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணமான மூன்றாவது வாரம், சட்டையைத் தேய்த்து வைக்கவில்லை என்று புறங்கையால் அறைந்தான். அவள் தலை அலமாரிக் கைப்பிடியில் இடித்துப் புருவம் கிழிந்தது. நான் என்ன செய்தேன்? எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாதல்லவா. பிறகு உட்கார்ந்து கடவுளிடம், அவனுக்கு நல்ல புத்தி கொடு என்று முறையிட்டேன். "அடியாத மாடு படியாது அக்கா, நீ உள்ளே போ" என்றான். போனேன்.

நான் வேலை செய்தது சிறப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில். தரை துடைப்பது, கழிப்பறை கழுவுவது, துணி மாற்றிவிடுவது. எல்லாருக்கும் நான் ஆயாம்மா. அங்கே ஒரு வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். மூன்றாம் வகுப்பறையில் மட்டும் உதவியாளர் நிலைக்கமாட்டார். காரணம், தையல்காரியின் மகள். வயது பதின்மூன்று. என்னைவிட உயரம். பேச்சு வராது. கோபம் வந்தால் இரண்டு உள்ளங்கையாலும் மேசையைப் போட்டு அடிப்பாள். அடுத்த கட்டிடம்வரை கேட்கும். அதனால் சமையல்காரி அவளுக்கு 'டமாரம்' என்று பேர் வைத்தாள். கூப்பிட்டால் பிள்ளை சிரிக்கும், அதனால் அந்தப் பேரே நின்றுவிட்டது. மேசை போதாவிட்டால் சுவர். சுவரில் நெற்றியை மோதுவாள். யாராவது தடுத்தால் அந்த ஆள்தான் அடுத்த சுவர். ஒருமுறை ஜன்னல் கண்ணாடிக்குள் கையை விட்டு, ரத்தம் வகுப்பு முழுக்கத் தெறித்தது. நான் மூன்று வாளித் தண்ணீர் மாற்றினேன்.

கடைசியாக வந்த உதவியாளர் எடை தூக்கிப் பழகிய ஆள். கதவுக்குள் நுழையவே பக்கவாட்டில்தான் வரவேண்டும். நாலாம் நாள் டமாரம் தலையால் முட்டியதில் அவர் மூக்கு உடைந்தது. போனவர் குடையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

பெரிய டீச்சர் என்னிடம் கேட்டார். "ஆயாம்மா, பயப்படாத ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

"பயந்தாலும் இடத்தை விட்டு நகராத ஆள் ஒருத்தி இருக்கா, டீச்சர். எங்க வீட்டுலதான்."

பகல் முழுக்க அவள் வீட்டுக்கு வெளியே இருந்தால் நல்லது என்று என் மனதில் ஓடியது. தம்பி எப்படிச் சம்மதிப்பானோ என்றுதான் பயந்தேன். அவன் சிரித்தான். "போகட்டும். அடங்காததுங்களோட நாலு நாள் கெடந்தா வீட்டோட அருமை தெரியும்." அதோடு இன்னொன்றும் சொன்னான். "வீட்டு விஷயம் அங்க போச்சு, என் பேரு எவன் வாயிலயாவது வந்துச்சு, அன்னைக்கோட வேலைக்கு முழுக்கு."

ஆறு மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம் என்றார் பெரிய டீச்சர்.

முதல் நாளே கடி. மணி கோர்க்கும் தட்டை எடுத்து வைக்கப்போனவளின் கையில் டமாரம் பல்லைப் பதித்துவிட்டாள். தம்பி மனைவி வெடுக்கென்று கையை இழுத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு துண்டுச் சதை பிள்ளையின் வாயோடு போயிற்று. வகுப்பு டீச்சர் இளம்பெண். பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"அக்கா, கடிச்சா இழுக்கவே கூடாது. வாய்ப்பக்கமா அமுக்கணும். அப்பத்தான் தாடை விடும். இழுத்தா சதை போயிடும்."

"கடிக்கிற வாய்க்குள்ளயே கையைக் கொடுக்கணுமா?"

"ஆமாக்கா."

தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்ல இடமா பாத்துச் சேத்துவிட்டீங்க அண்ணி."

சமையல்காரி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பேசாம புலிக்கூண்டுக்கு வேலைக்குப் போயிருக்கலாம். புலிக்குக்கூட வயிறு நெறைஞ்சா தூக்கம் வரும்."

ஆனால் அவள் போகவில்லை. அந்த வேலை நாம் நினைப்பதுபோல் பிள்ளையைப் பிடித்து வைக்கிற வேலை இல்லை என்று எனக்கே அவளைப் பார்த்துத்தான் புரிந்தது. காலையில் வந்ததும் மேசை ஓரத்தில் மூன்று பட அட்டைகளை ஒட்டுவாள்: கை கழுவுவது, மணி கோர்ப்பது, ஊஞ்சல். ஒன்று முடிந்தால் பிள்ளை அதைப் பிய்த்துப் பெட்டியில் போடவேண்டும். அடுத்தது என்ன என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடுமாம். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பாள். சத்தம் கூடினால் காதுக்கு ஹெட்போன் மாட்டுவாள். பேச்சு நாலு வார்த்தைக்கு மேல் போகாது. "கை கீழே. என்னைப் பாரு." அவ்வளவுதான்.

இதெல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுக்காத ஒன்றும் அவளிடம் இருந்தது. ஒருநாள் டீச்சரிடம் மெல்லச் சொன்னாள். "மத்தப் பிள்ளைங்களை அந்தப் பக்கம் நகத்திடுங்க. இவ இப்போ அடிக்கப்போறா."

"சும்மாதானேக்கா உக்காந்திருக்கா?"

"காது மடல் செவந்திருச்சு. மூச்சை இழுத்து வச்சிருக்கா, விடல."

டீச்சர் பிள்ளைகளை நகர்த்தி முடித்ததும் நாற்காலி பறந்தது. பிள்ளைகள் இருந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை, சுவரில் மோதிக் கால் உடைந்தது, நாற்காலிக்கு.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று டீச்சர் வாயைப் பிளந்தாள். அவள் சிரித்து மழுப்பினாள். எனக்குத் தெரியும். வீட்டில் சாப்பிடும்போது தம்பியின் தாடை மெல்லுவதை நிறுத்தினால், அடி வரப்போகிறதென்று அவள் கை தட்டை நகர்த்தி வைக்கும். அடி எங்கிருந்து கிளம்புகிறது என்று பதினோரு வருஷம் படித்தவள்.

நான் ஒருநாள் கேட்டேன். "வீட்டுலயும் அடி, இங்கயும் அடி. உனக்கு வித்தியாசமே தெரியலையாம்மா?"

"இருக்கு அண்ணி. அவளுக்குச் சொல்ல வாய் இல்ல, கையால சொல்றா. உங்க தம்பிக்கு வாய் இருக்கே."

ஒவ்வொரு அடிக்கும் ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். மூன்று கட்டம். முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன. தம்பி மனைவி பத்துவரை படித்தவள், கோணாமல் எழுதுவாள். ஒரு மாதம் எழுதிவிட்டு, ஒருநாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, முதல் கட்டத்தைப் பாருங்க. ஆயாம்மா வந்து தரை துடைச்சாங்க. ஆயாம்மா வந்து துடைச்சாங்க. ஆயாம்மா. ஆயாம்மா. ஒம்போது அடியில ஏழு அடிக்கு நீங்கதான் காரணம்."

"நான் அந்தப் பிள்ளையை என்னம்மா பண்ணினேன்?"

"நீங்க இல்ல, உங்க வாளி. அந்த ஃபினாயில் வாசம் அவளுக்கு ஆகல."

அன்றிலிருந்து பிள்ளைகள் போன பிறகுதான் அந்த வகுப்பில் வாளியை எடுத்துப்போவேன். பத்தொன்பது நாள் டமாரம் ஒருவரையும் அடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி மனைவி அவளை அமைதி அறைக்குத் தனியாகக் கூட்டிப்போய் அரைமணி நேரம் வைத்திருப்பாள். திரும்பி வரும்போது பிள்ளை அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வரும். வேறு யார் சட்டையையும் அது பிடித்ததில்லை.

இதை அவள் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"டீச்சராயிட்டியோ?" என்றான். தாடை நின்றது. அவள் தட்டை நகர்த்துவதற்குள் தண்ணீர் நிறைந்த செம்பு அவள் முகத்தில் விழுந்தது. கண் அந்த இடத்திலேயே மூடிக்கொண்டது. கீழே விழுந்தவளின் முதுகில் உதைத்தான், மூன்று தடவை. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் அவள் ஒற்றைக் கண்ணோடு வகுப்புக்குப் போனாள். சமையல்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆயாம்மா, கண்ணு இப்படி வீங்கியிருக்கு? டமாரம் வேலையா?"

என் கையில் துடைப்பம். வாயில் ஒரே ஒரு சொல். "ஆமா" என்றேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். கடவுள் இதை என் கணக்கில்தான் வைப்பார், வேறு யார் கணக்கிலும் இல்லை.

உலை கொதிப்பதற்குள் சேதி அலுவலக அறைக்குப் போய்விட்டது. அமைதி அறையில் அவர்கள் இருவர் மட்டும்தானே இருந்தார்கள், யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பெரிய டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். தம்பி மனைவி கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். பேசவில்லை. பெரிய டீச்சர் எழுதிக்கொண்டார்: இடது கண், பலத்த காயம்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது கேட்டாள். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"மானம் போயிடுமேன்னுதான்."

"யாரு மானம்? அந்தப் பிள்ளைக்கும் ஒண்ணு இருக்கும்ல?"

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அந்த நாளை வரவே இல்லை. சொன்னால் தம்பி வேலையை நிறுத்திவிடுவான். அவள் நின்றுவிட்டால் டமாரத்துக்கு வேறு ஆள் கிடையாது. நிரந்தரமாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், அப்புறம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டாள். நானும் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் அவன் கதவை அறைந்து சாத்தியதில் அவள் மோதிர விரல் நசுங்கியது. டமாரம் என்றார்கள். அதற்கடுத்து காதில் அறைந்ததில் சவ்வு கிழிந்து இரண்டு நாள் சீழ் வடிந்தது. அதுவும் டமாரம். தெருவிலும் தம்பி இதையேதான் சொன்னான். "அந்தப் பைத்தியங்க கிட்ட வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே." அக்கம்பக்கத்தார் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்தப் பள்ளியில் ஒரு விதி உண்டு. கடியைச் சேர்க்காமல், ஒரே பிள்ளையால் ஒரே பணியாளருக்கு மூன்று பலத்த காயம் என்றால், நிர்வாகக் குழு கூடி அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிவிடும். இங்கிருந்து போனால் ஒரே இடம்தான், ஊருக்கு வெளியே பூட்டி வைக்கிற விடுதி. நான் அங்கே ஒரு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். கட்டில் கம்பியில் பிள்ளைகளின் மணிக்கட்டைத் துணியால் கட்டியிருப்பார்கள். கட்டை அவிழ்த்துத் துவைப்பது என் வேலை. துணியில் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தையல்காரியை வரச்சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தார்கள். அவள் நடைபாதையில் நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. டமாரம் அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் மேசையைத் தட்டிவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

"கண்ணை உடைச்சியா? விரலை உடைச்சியா? உனக்குச் சோறு ஊட்டுற கையாடி அது?"

தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டாள். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. பிள்ளைக்கு எதற்கு அடி என்று விளங்கவில்லை. சிரித்தபடியே இருந்த முகம் அப்படியே நின்றது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. தலைமயிரைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். "செத்துப் போயிடலாம்டி, ரெண்டு பேரும் செத்துப் போயிடலாம்" என்று அலறிக்கொண்டே அடித்தாள். யாரை வேண்டுமானாலும் தூக்கி எறியக்கூடிய பிள்ளை, அன்று கையைக்கூட உயர்த்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தன் கையையே கடித்துக்கொண்டிருந்தது.

தம்பி மனைவி இடையில் புகுந்தாள். செருப்படி அவள் கழுத்தில் இரண்டு, காயம்பட்ட காதில் ஒன்று விழுந்தது. அவள் பிள்ளையை விட்டு நகரவில்லை.

"அவ அடிக்கல. நிறுத்துங்க. அவ அடிக்கவே இல்ல."

"அப்புறம் யாரு அடிச்சது?"

"என் வீட்டுக்காரர்."

பெரிய டீச்சர் கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டார்.

"நீ நல்லவ. அதனாலதான் இப்படிச் சொல்ற. கடிச்ச கையைச் சட்டைக்குள்ள ஒளிச்சிட்டு, 'நல்லா இருந்தா'ன்னு இவங்ககிட்ட தெனமும் சொல்றது எனக்குத் தெரியாதா? இந்தப் பிள்ளைக்காக நீ புருஷன் மேல பழி போடக்கூடத் தயங்கமாட்ட."

"டீச்சர், சத்தியமா..."

"வேண்டாம்மா. சத்தியமெல்லாம் பண்ணாதே."

உண்மையைச் சொல்ல இத்தனை நாள் தயங்கியவள், சொன்னபோது கேட்க ஆள் இல்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும். பெரிய டீச்சர்தான் திரும்பினார்.

"ஆயாம்மா, நீங்க ஒரே வீட்டுல இருக்கறவங்க. நீங்க சொல்லுங்க. இவ சொல்றது நிஜமா?"

நான் வளர்த்த தம்பி. ஜுரம் வந்தபோது மடியில் போட்டு ராத்திரி பகல் பார்க்காமல் காத்த பிள்ளை. அவன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சுவரோரம் ரத்தம் ஒழுகும் உதட்டோடு நின்ற பிள்ளையின் முகமும் இருந்தது. துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"நிஜம்தான் டீச்சர். என் தம்பிதான். சமையல்காரிகிட்ட பொய் சொன்னது நான்."

"எழுதித் தருவீங்களா?"

ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்டவள் நான். அந்த மூன்று கட்டப் புத்தகத்தையே கேட்டேன். அதற்கு மட்டும்தான் எப்படி எழுதுவதென்று அவளைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். முன்னால் என்ன: தம்பி மனைவி சிரித்தாள். நடந்தது என்ன: தம்பி செம்பால் அடித்தான், உதைத்தான். பின்னால் என்ன: நான் ஜன்னலைச் சாத்தினேன். அதேபோல் விரலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. வகுப்பு டீச்சர் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

இன்று வீட்டுக்குப் போகவேண்டாம் என்று பெரிய டீச்சர் சொன்னார். ஆனால் நிரந்தரமாக்கத் தேவையான படிப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தது. அவன் கையில் கிடைத்தால் கிழித்துவிடுவான். ஆறு மணிவரை அவனுக்குக் கார் வகுப்பு, அதற்குள் எடுத்துவந்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் நாலரைக்கே போனோம். நிர்வாகத்தில் யாரோ அவனுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். அவன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எழுதிக் கொடுத்துட்டு வந்தீங்களா, ரெண்டு பேரும்?"

அவள் பதில் சொல்லாமல் அலமாரிக்குப் போனாள். அவன் அவள் பின்னலைப் பிடித்துச் சுழற்றி இழுத்தான். அலமாரிக் கதவு அவள் நெற்றியில் மோதியது. நான் ஓடி அவன் கையைப் பிடித்தேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பிடித்தேன். அவன் பக்கத்திலிருந்த மர ஸ்டூலைத் தூக்கி என்மேல் இறக்கினான். மணிக்கட்டில் சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது.

"ஐயோ" என்று அவள் கத்த வாயெடுத்தாள். அவன் அவள் வாயைக் கையால் பொத்தித் தலையைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மூக்கும் சேர்ந்து அடைபட்டது. அவள் கண் பிதுங்கியது. அப்போதுதான் அவள் கடித்தாள். அவன் உள்ளங்கையில், முழுப் பல்லும் பதிய.

அவன் வெடுக்கென்று இழுத்தான். பழகாதவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. உள்ளங்கைச் சதை தொங்க, ரத்தத்தைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, பாத்தியா, பாத்தியா, கடிச்சுட்டா, பைத்தியம்" என்று சின்னப்பிள்ளையில் அழுதமாதிரியே அழுதான். பழைய நினைப்பில் என் கால் அவன் பக்கம் ஓரடி போனது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை எடுத்தாள். என் நல்ல கையைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். இந்தமுறை ஜன்னல் திறந்தே இருந்தது. அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். யாரோ போலீசுக்குச் சொல்லியிருந்தார்கள்.

வழக்கு நடந்தது. என் எலும்பும் சாட்சி சொன்னது. அவன் எட்டு மாதம் உள்ளே இருந்தான்.

டமாரம் பள்ளியிலேயே இருந்தாள். தையல்காரி தன் கடையின் பின்னறையைக் காலிசெய்து தம்பி மனைவிக்குக் கொடுத்தாள். மகளை அடித்த கையை நீட்டி, "இதையும் அந்தப் புத்தகத்துல எழுதிடும்மா" என்றாளாம். அவளும் எழுதினாளாம். ஒரு மாதம் கழித்து, வானம் இடித்த ஒரு நாளில் டமாரம் தலையால் முட்டித் தம்பி மனைவியின் முன்பல் பாதி உடைந்தது. உடைந்த பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு அவளே அலுவலகத்துக்குப் போனாள். "இது அவ அடிச்சதுதான் டீச்சர். ஒண்ணுன்னு எழுதிக்கோங்க. வானம் இடிச்சதையும் சேத்து எழுதுங்க." அன்று மாலை தையல்காரி வந்து கேட்டபோது சட்டைக்கையையும் இழுக்கவில்லை, வாயையும் மூடவில்லை. "இன்னைக்குப் பல்லை ஒடைச்சிட்டா. இடிக்குப் பயந்துட்டா. நாளைக்கு நல்லா இருப்பா" என்றாள். தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஒரு வருஷம் பயிற்சிக்குப் போனாள். நிரந்தரமானாள். பயிற்சி முடிந்த அன்று கழுத்தில் மாட்டிய அட்டையில் 'உதவி ஆசிரியர்' என்று போட்டிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். டமாரம் பதினேழு வயதில் அம்மாவின் கடைக்கே போய்ப் பொத்தான் தைக்க ஆரம்பித்த பிறகு, தூரத்து ஊர்ப் பள்ளி ஒன்று தம்பி மனைவியைக் கூப்பிட்டது. அங்கே மூக்குடைந்து ஓடுகிற உதவியாளர்கள் நிறையப் பேராம்.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது பஸ் நிலையத்தில். ஒரு பெட்டி, ஒரு பை. நான் அவளுக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டு வந்திருந்தேன், அதைச் சொன்னேன்.

"உங்க தம்பி திரும்ப உங்ககூடவே வந்துட்டாராமே, அண்ணி."

"எங்கே போவான்? நான்தானே இருக்கேன். முன்னமாதிரி இல்லம்மா. மாறிட்டேன்னு சொல்றான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஒடிந்து கூடிய என் மணிக்கட்டைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"அவர் வீட்டுல இருக்கும்போது நீங்க எப்பவும் வாசக்கதவு ஓரமாவே நில்லுங்க, அண்ணி. பிரார்த்தனையையும் அங்க நின்னே பண்ணுங்க. கடவுளுக்குக் கேக்கும்."